ஊசியே பிடித்ததில்லையா? கிழிந்த துணியைத் தைக்க இங்கிருந்து ஆரம்பியுங்கள்

பட்டன் ஒன்று அறுந்து விழுகிறது, சட்டை நாற்காலிக்குப் போகிறது. பாக்கெட் ஓரம் பிரிகிறது, பேன்ட்டும் அதே நாற்காலிக்குப் போகிறது. நாலு மாதம் கழித்துப் பார்த்தால் அந்த நாற்காலியில் ஆள் உட்கார இடமில்லை. ஆனால் அதில் கிடக்கும் துணிகளில் முக்கால்வாசிக்குப் பத்து நிமிட வேலைதான் பாக்கி. அந்த நாற்காலியைக் காலி செய்யத்தான் இது. தையல் மெஷின் வேண்டாம், வகுப்புக்கும் போக வேண்டாம். ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது என்றாலும் சரி, அங்கிருந்தே தொடங்கலாம்.

அதற்கு முன் ஒன்றே ஒன்று. ஓட்டையைத் தைக்க முடியாது, அங்கேதான் துணியே இல்லையே! சுற்றி மிச்சமிருக்கும் நல்ல துணியில்தான் ஊசி பிடிக்கும். நான் முதன்முதலில் தைத்தது முட்டியில் கிழிந்த ஒரு பேன்ட். இரண்டு கரையையும் இழுத்துச் சேர்த்து, தடித்த நூலை நாலு இழையாகப் போட்டு, இறுக்கி இறுக்கித் தைத்தேன். இரும்பு மாதிரி நின்றது. இரண்டாம் முறை போட்டுக்கொண்டு குனிந்தபோது தையலை ஒட்டியே, முன்னைவிட ஒரு விரல் நீளம் அதிகமாகக் கிழிந்தது. தையலுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. நைந்துபோன துணியில் அவ்வளவு பலமான தையலைப் போட்டால் துணிதான் தோற்கும். நூல் துணியைவிடக் கொஞ்சம் பலம் குறைவாக இருந்தால்கூடப் பரவாயில்லை. நூல் அறுந்தால் மறுபடி தைக்கலாம், துணி கிழிந்தால் வேலை இரட்டிப்பு.

முதலில் கையில் என்ன வேண்டும்

கைத்தையல் ஊசிகள் ஒரு பாக்கெட், பல அளவு கலந்தது. இதில் ஒரு குழப்பம் உண்டு: கை ஊசியில் எண் கூடக் கூட ஊசி மெலியும், மெஷின் ஊசியில் எண் கூடக் கூடத் தடிக்கும். கை ஊசியில் 7 முதல் 9 வரை பெரும்பாலான சட்டைத் துணிக்குப் போதும். ஜீன்ஸ் போன்ற முரட்டுத் துணிக்கு 5 அல்லது 6. டி-ஷர்ட், பனியன் போன்ற பின்னல் துணிக்கு முனை சற்று உருண்ட ஊசி தனியாகக் கிடைக்கும், அது இழையைக் குத்தி அறுக்காமல் இழைகளுக்கு நடுவே விலகிப் போகும்.

நூலில் வெள்ளை, கருப்பு, கருநீலம், சாம்பல், பழுப்பு ஐந்தும் இருந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். சரியான நிறம் கிடைக்கவில்லை என்றால் துணியைவிட ஒரு பிடி அடர்ந்த நிறத்தை எடுங்கள், வெளிறிய நூல் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். பாலியஸ்டர் நூல் பலமானது, எல்லாவற்றுக்கும் ஓடும். ஆனால் மெல்லிய பருத்தித் துணிக்கும் பழைய துணிக்கும் பருத்தி நூல்தான் என் கணக்கு, காரணம் மேலே சொன்ன பேன்ட்.

அப்புறம் நூலுக்கென்று ஒரு சின்னக் கத்தரி (காகிதம் வெட்டக் கொடுக்காதீர்கள், மழுங்கிவிடும்), குண்டூசிகள், இரண்டு மூன்று ஊக்கு, ஒரு மெழுகுவர்த்தித் துண்டு, பழைய துணிகளிலிருந்து வெட்டி வைத்த சில துண்டுகள். தையல் பிரிக்கும் கவைமுனைக் கருவி ஒன்று இருந்தால் நல்லது, பிளேடை வைத்துப் பிரிக்கிறேன் என்று துணியையே பிளந்தவர்கள் நிறையப் பேர். வெளிச்சத்தைப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை, ஆனால் கருப்புத் துணியில் கருப்பு நூலை ராத்திரி குழல்விளக்கில் தைக்க முயன்றவருக்கு அதன் அருமை தெரியும். பகலில், ஜன்னல் பக்கத்தில் உட்காருங்கள்.

நூல் கோப்பது, முடிச்சு, மூன்று தையல்

நூலை நடுவிரல் நுனியிலிருந்து முழங்கை வரை ஒரு அளவு எடுத்து வெட்டுங்கள், ஏறத்தாழ 45 செ.மீ. அடிக்கடி கோக்க வேண்டாமே என்று ஒரு முழம் கூட்டி எடுத்தால் சிக்கல் விழுந்து, அதைப் பிரிப்பதில் போகும் நேரத்தில் மூன்று முறை கோத்திருக்கலாம். கண்டிலிருந்து முதலில் வருகிற முனையைச் சாய்வாக வெட்டி அதையே ஊசிக்காதில் நுழையுங்கள், நூலின் முறுக்கோடு போவதால் சிக்கல் குறையும். நுழையவில்லையா? கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நூலின் நுனி மட்டும் எட்டிப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு ஊசியை நூலின் மேல் கொண்டுவாருங்கள். நூலைக் காதில் குத்துவதைவிடக் காதை நூலில் மாட்டுவது எளிது. நூல் முறுக்கிக்கொண்டே போனால் மெழுகில் ஒரு முறை இழுத்துவிடுங்கள்.

முடிச்சுக்கு நூல் நுனியை ஆள்காட்டி விரலில் ஒரு சுற்று சுற்றி, கட்டைவிரலால் உருட்டித் தள்ளி, இழுத்தால் சின்ன உருண்டை விழும். தைத்து முடிக்கும்போது துணியின் உட்புறத்தில் இரண்டு இழையை மட்டும் கொத்தி எடுத்து, நூல் வளையமாக நிற்கும்போது அதற்குள் ஊசியை இரண்டு முறை விட்டு இழுங்கள். அதே இடத்தில் இன்னொரு தடவை. முடிந்ததும் ஒட்ட வெட்டாமல் அரை செ.மீ. வால் விடுங்கள்.

தையல் மூன்று தெரிந்தால் போதும். ஓட்டுத்தையல் என்பது ஊசியை மேலும் கீழும் விட்டுக்கொண்டே நேராக ஓடுவது. தற்காலிகமாகப் பிடித்து வைக்கவும் ஒட்டுத்துணியை அமர்த்தவும் இதுதான். பின்தையலில் ஊசியை ஒரு தையல் தூரம் முன்னே கொண்டுபோய் வெளியே எடுத்து, பின்னே வந்து முந்தைய தையல் முடிந்த புள்ளியிலேயே குத்தி, மறுபடி முன்னே போவீர்கள். மேலே பார்க்க மெஷின் தையல் போலவே தெரியும், கையால் போடும் தையல்களில் பலமானவற்றில் இது ஒன்று. மூன்றாவது மடிப்புத்தையல், பலரும் ஹெம்மிங் என்பது. மடித்த ஓரத்தில் ஒரு கொத்து, வெளித்துணியில் ஓரிரு இழை மட்டும் ஒரு கொத்து, இப்படி மாறி மாறி. தேவையில்லாத துணியொன்றில் ஒவ்வொன்றையும் ஒரு சாண் நீளம் போட்டுப் பாருங்கள். முதல் சாண் கோணலாகத்தான் வரும்.

துவைத்துவிட்டா, தைத்துவிட்டா?

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பார்கள், கசக்கிய பிறகு தைப்பதுதான் முறையும்கூட. அழுக்குத் துணியில் உட்கார்ந்து தைப்பது சுகமில்லை, துவைத்துச் சுருங்கவேண்டியது சுருங்கிய பிறகு தைத்தால்தான் ஒட்டுத்துணியும் சுருக்கம் விழாமல் நிற்கும். ஆனால் கிழிசலோடு அப்படியே வாஷிங் மெஷினில் போட்டால் விரல் நுழையும் ஓட்டை கை நுழையும் ஓட்டையாகி வெளியே வரும். அதனால் கிழிசலின் இரு கரையையும் பெரிய பெரிய ஓட்டுத்தையலால், எந்த அழகும் பார்க்காமல், இழுக்காமல் சும்மா பிடித்து வைத்துவிட்டு, கையால் அலசி, காய்ந்ததும் அந்த நூலை உருவிவிட்டுச் சரியான வேலையைத் தொடங்குங்கள்.

பட்டன்

எல்லோரும் இதில் தொடங்குவதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். பட்டன் இருந்த இடத்தில் தொங்கும் பழைய நூலைப் பிடுங்கி எடுத்துவிட்டு, விரலை அடியில் வைத்துத் துணியைப் பாருங்கள். முழுசாக இருந்தால் நேரே தைக்கலாம். பட்டனோடு துணியும் பிய்ந்து சின்னப் பொத்தல் இருந்தால், விரல்நகம் அளவுக்கு ஒரு துணித்துண்டை உட்புறம் வைத்து அதையும் சேர்த்துத் தைக்க வேண்டும். கோட் போன்ற கனமான துணி என்றால் உட்புறம் தட்டையான இன்னொரு சின்ன பட்டனை வைத்து இரண்டையும் ஒன்றாகத் தைப்பார்கள், இழுவை முழுவதையும் துணிக்குப் பதில் அந்த உள்பட்டன் வாங்கிக்கொள்ளும்.

இடம் குறிக்க மற்ற பட்டன்களை எல்லாம் போட்டுவிட்டு, காஜா (பட்டன் நுழையும் துளை) வழியாக ஒரு குண்டூசியைக் குத்துங்கள். அது நிற்கிற இடம்தான் இடம். கண்ணளவில் வைத்தால் அரை செ.மீ. தள்ளிப் போய்ச் சட்டை முன்பக்கம் கோணும்.

நூலை இரட்டையாகப் போட்டு, மேலிருந்து குத்தி, முடிச்சு பட்டனுக்கு அடியில் மறையும்படி ஒரு கொத்து. பட்டனை வைத்து, அதன் மேல், இரண்டு துளைக்கு நடுவே, ஒரு தீக்குச்சியைக் குறுக்காக வையுங்கள். நூல் தீக்குச்சிக்கு மேலாகப் போய் வரட்டும். நாலு துளை என்றால் ஒவ்வொரு ஜோடிக்கும் மூன்று முறை, இரண்டு துளை என்றால் ஐந்தாறு முறை. மற்ற பட்டன்களில் நூல் பெருக்கல் குறியாக இருக்கிறதா, இரண்டு கோடாக இருக்கிறதா என்று பார்த்து அதே மாதிரி போடுங்கள். இப்போது ஊசியைத் துணி வழியாக மட்டும் மேலே கொண்டுவந்து, பட்டனுக்கும் துணிக்கும் நடுவே நிறுத்தி, தீக்குச்சியை உருவுங்கள். பட்டன் கொஞ்சம் ஆடும். அதைத் தூக்கிப் பிடித்து, அடியில் தெரியும் நூல்களைச் சுற்றி நாலைந்து சுற்று சுற்றினால் சின்னக் காம்பு மாதிரி நிற்கும். பின்பக்கம் போய் முடிச்சு. காஜா துணியின் தடிமன் உட்கார அந்தக் காம்பு இடம் கொடுக்கிறது. அது இல்லாமல் ஒட்டித் தைத்த பட்டன் ஒவ்வொரு முறை போடும்போதும் துணியைக் கவ்வி இழுக்கும், பிறகு துணியையும் பிய்த்துக்கொண்டுதான் போகும்.

பட்டனே தொலைந்துவிட்டதென்றால் சட்டையின் உட்புறம், பக்கத் தையலின் கீழ்ப்பகுதியில் பாருங்கள், உபரி பட்டன் தைத்திருக்கலாம். இல்லையா, பேன்ட்டுக்குள் போய்விடும் கடைசி பட்டனை எடுத்து நெஞ்சில் தைத்துவிட்டு, கண்ணில் படாத அந்த இடத்தில் வேறு ஏதாவது ஒன்றைத் தையுங்கள்.

தையல் விட்டுப்போனது

அக்குள், பாக்கெட் ஓரம், பேன்ட்டின் பின்பக்க நடுத்தையல், இவைதான் வழக்கமான இடங்கள். துணி கிழியாமல் நூல் மட்டும் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். நூல் மட்டும்தான் என்றால் அதிர்ஷ்டம். உள்பக்கம் திருப்பி, இரண்டு விளிம்பையும் பழைய துளைகள் ஒன்றின் மேல் ஒன்று வரும்படி பொருத்தி, குண்டூசி குத்தி, அறுந்த இடத்துக்கு 2 செ.மீ. முன்னாலேயே, இன்னும் கெட்டியாக நிற்கிற பழைய தையலின் மேலேயே தொடங்கி, பின்தையலாகப் போய், மறுபக்கமும் 2 செ.மீ. தாண்டி முடியுங்கள். ஒவ்வொரு தையலும் இரண்டரை, மூன்று மி.மீ. போதும். பேன்ட் நடுத்தையல் என்றால் அதே கோட்டில் இன்னொரு வரிசை.

சாக்குமூட்டையின் வாயைப் பிரித்திருக்கிறீர்களா? சரியான முனை கிடைத்தால் ஒரே இழுப்பில் சரசரவென்று முழுசாகப் பிரியும். அது சங்கிலித்தையல். ஜீன்ஸின் கால் மடிப்பிலும் இடுப்புப் பட்டியிலும் பெரும்பாலும் அதே தையல்தான், அதனால் அங்கே நூல் நீட்டிக்கொண்டிருந்தால் இழுத்துப் பார்க்கிற ஆசையை அடக்குங்கள். ஒரு முடிச்சு போட்டு, ஊசியில் கோத்து உள்ளே தள்ளிவிடுங்கள்.

ஜீன்ஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. பாக்கெட் மூலைகளில் செம்புக் குமிழ் அடித்திருப்பார்களே, அது அலங்காரத்துக்காக வந்ததல்ல. உழைக்கிறவர்களின் கால்சட்டை பாக்கெட் மூலையில்தான் முதலில் பிய்ந்தது, அதைத் தடுக்க ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர் கண்ட வழி அது. 1873-இல் அவரும் லீவை ஸ்ட்ராஸும் அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். உங்கள் துணியில் எந்த மூலை அடிக்கடி விடுகிறது என்று கவனித்தால் புதிதாக இருக்கும்போதே அங்கே நாலு பின்தையல் போட்டு வைக்கலாம்.

ஆணியில் மாட்டிக் கிழிந்தது

முள்ளில் சேலை பட்டாலும் சேலையில் முள் பட்டாலும் சேதம் சேலைக்குத்தான். இந்தக் கிழிசல் பெரும்பாலும் ட கர வடிவில் வரும், துணி நல்ல துணியாகவே இருக்கும், இழை மட்டும் அறுந்திருக்கும். கரைகளைக் கையால் தடவி, வாயை மூடுவதுபோல், முன்பிருந்த இடத்திலேயே படுக்க வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை வெட்டாதீர்கள், இடைவெளியை மூட அதுதான் உதவப் போகிறது. உட்புறத்தில் அதே கனமுள்ள, அல்லது சற்று மெல்லிய துணியை எல்லாப் பக்கமும் 2 செ.மீ. பெரிதாக வெட்டி வைத்து, ஓட்டுத்தையலால் பிடியுங்கள். பிறகு வெளிப்பக்கத்திலிருந்து, ஒற்றை நூலில், கிழிசலுக்குக் குறுக்காக, ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நெருக்கமாகச் சின்னச் சின்னத் தையல். எல்லாம் ஒரே நீளத்தில் இருந்தால் அவை முடிகிற கோட்டிலேயே துணி மறுபடி விடும், அதனால் ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று மாற்றிப் போடுங்கள். மூலைதான் பலவீனமான இடம், அங்கே கொஞ்சம் கூடுதலாக.

இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் துணி கிடைக்கிறது. அதை உட்புறம் வைத்து, மூலைகளை வட்டமாக வெட்டி (கூர்மூலைதான் முதலில் உரியும்), பெட்டியைத் தேய்க்காமல் அழுத்திப் பிடித்து எடுத்தால் கரைகள் நகராமல் நிற்கும், புதியவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் பசையை மட்டும் நம்ப வேண்டாம், சில துவைப்பில் விளிம்பு எழும். மேலே தையலும் போடுங்கள். நைலான் போன்ற சூட்டில் உருகும் துணிக்கு இந்த வழியே வேண்டாம்.

நைந்துபோன தொடையும் முட்டியும்

இதுதான் உண்மையில் துணிகளைக் கொல்கிற இடம், பலரும் தாமதமாகப் பார்க்கிற இடமும். ஜீன்ஸின் உட்தொடைப் பகுதியை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் அடர்த்தியாக இருக்க, அங்கே மட்டும் வெளிச்சம் ஊடுருவும். டெனிம் துணியில் பாவு நூல் (நீளவாக்கில் ஓடுவது) நீலம், ஊடை நூல் (குறுக்கே ஓடுவது) வெள்ளை; மேலே அதிகம் தெரிவது பாவு என்பதால் உராய்வில் முதலில் தேய்வது நீலம்தான். அது போன பிறகு வெள்ளை ஊடை மட்டும் ஏணிப்படி மாதிரி குறுக்கே நிற்கும். அந்த வெள்ளை தெரிய ஆரம்பித்த வாரமே தைத்துவிட்டால் அரை மணி வேலை. ஓட்டை விழுந்த பிறகு என்றால் ஒரு மாலை முழுவதும் போகும், அப்படியும் நிற்குமா என்பது சந்தேகம்.

செய்வது இது. பழைய ஜீன்ஸிலிருந்தோ மெல்லிய பருத்தியிலிருந்தோ ஒரு துண்டு. புதுத்துணி என்றால் முதலில் துவைத்துக் காய வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது பிற்பாடு சுருங்கி மேல்துணியையும் சேர்த்துச் சுருட்டும். நைந்த இடம் எங்கே முடிகிறது என்று விரலால் தடவிப் பார்த்து, அதற்கும் வெளியே இரண்டு விரற்கடை வரும்படி வெட்டுங்கள். துண்டின் நூலோட்டமும் பேன்ட்டின் நூலோட்டமும் ஒரே திசையில் போகட்டும். உட்புறம் வைத்து, குண்டூசி குத்தி, காலைச் சற்று வளைத்துப் பார்த்து இழுக்கிறதா என்று சோதித்துவிட்டு, பாவு போகும் திசையிலேயே வரிசை வரிசையாக ஓட்டுத்தையல், வரிசைக்கு வரிசை மூன்று நாலு மி.மீ. இடைவெளி. ஒவ்வொரு வரிசையையும் ஒரே இடத்தில் முடிக்காமல் முன்னே பின்னே முடியுங்கள். இறுக்கி இழுக்காதீர்கள், துணி தட்டையாகவே கிடக்க வேண்டும். ஜப்பானில் சாஷிகோ என்று சொல்லும் தையலும் அடிப்படையில் இந்த ஓட்டுத்தையல்தான், அங்கே வெள்ளை நூலில் வெளியே தெரியும்படி கோலம் போல் போட்டுவிடுவார்கள். முட்டி என்றால் நானும் தெரியும்படியே போடுவேன். தொடையில் துணி நிறத்திலேயே நூல்.

டி-ஷர்ட், சாக்ஸ், ஸ்வெட்டர்

இவை நெய்த துணி இல்லை, பின்னிய துணி. ஒரே நூல் வளையம் வளையமாகக் கோத்துக்கொண்டு போகிறது. ஒரு வளையம் அறுந்தால் அடுத்தது நழுவும், அது அடுத்ததை விடும், ஏணி மாதிரி ஓடும். அதனால் கடுகளவு ஓட்டையைக்கூட அன்றைக்கே கட்டிப் போடுங்கள். உட்புறம் திருப்பி, மெல்லிய நூலால் ஓட்டையைச் சுற்றி நிற்கும் ஒவ்வொரு வளையத்தையும் ஊசியில் பிடித்து, ஒரு சுற்று வந்து, மெதுவாக இழுத்தால் சுருக்குப்பை வாய் போல மூடிக்கொள்ளும். ஒரு முடிச்சு, அவ்வளவுதான். ஆனால் நீட்டமான பிரிவுக்கு இறுக்கமான நேர்த்தையல் போட்டால், துணி விரியும்போது நூல் விரியாமல் பட்டென்று அறும். தையலைத் தளர்வாக, ஒவ்வொரு ஐந்தாறு தையலுக்கும் துணியை மெல்ல இழுத்துப் பார்த்துக்கொண்டே போடுங்கள்.

ஸ்வெட்டரில் நூல் இழுபட்டு வளையமாக வெளியே தொங்கினால் வெட்டவே கூடாது. ஊசியால் உட்புறம் இழுத்துவிட்டு, சுற்றியுள்ள இடத்தைக் கையால் நீவுங்கள்.

குதிகால் சாக்ஸ் ஓட்டைக்கு இழையோட்டுதல். கிட்டத்தட்ட ஒரு குட்டித் தறியில் நெய்வது மாதிரிதான். சாக்ஸுக்குள் ஒரு பந்தையோ வழவழப்பான கிண்ணத்தையோ போட்டு ஓட்டையை அதன் மேல் விரியுங்கள், இழுத்துப் பிடிக்க வேண்டாம். சாக்ஸ் நூலின் தடிமனுக்கு ஒத்த நூலை எடுத்து, ஓட்டைக்கு 1 செ.மீ. வெளியே தொடங்கி, நல்ல இடத்தில் ஓட்டுத்தையலாகவும் ஓட்டையின் மேல் நீண்ட கம்பிகளாகவும் மேலும் கீழும் போய் வாருங்கள். திரும்பும் இடத்தில் நூலைச் சற்று வளையமாக விட்டு வையுங்கள், துவைக்கும்போது சுருங்க இடம் வேண்டும். இப்போது பாவு தயார். குறுக்கே, ஒன்றின் மேல், ஒன்றின் கீழ், அடுத்த வரிசையில் மாற்றி, ஊசியின் காதுப்பக்கத்தை முன்னே விட்டு நெய்யுங்கள், கூர்முனை என்றால் பாவு நூலையே குத்திக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு வரிசையையும் ஊசியால் தள்ளி நெருக்குங்கள். முதல் சாக்ஸில் எனக்கு ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆனது, நடுவில் ஒரு வரிசை தப்பாகப் போனது, அதைக் காலில் போட்டபோது எனக்கு மட்டுமே தெரிந்தது.

ஜிப், எலாஸ்டிக், மடிப்பு

ஜிப்பை ஏற்றிய பிறகு பின்னாலேயே பல் பிரிந்துகொண்டு வந்தால் பெரும்பாலும் பல்லின் குற்றமில்லை, ஏறி இறங்கும் தலைதான் தேய்ந்து வாய் விரிந்திருக்கும். அதைக் கீழே கொண்டுபோய், குறடால் இரு பக்கமும் மெதுவாக, மிக மெதுவாக, ஒரு அழுத்து. ஏற்றிப் பாருங்கள். வேண்டுமானால் இன்னொன்று. ஒரேயடியாக அழுத்தினால் நகராது, அல்லது உடையும். இறுகி ஓடாத உலோக ஜிப்புக்குப் பென்சில் முனையைத் தேய்க்கலாம், பிளாஸ்டிக் ஜிப்புக்கு மெழுகு. பேன்ட் ஜிப் தானாக இறங்கினால், தலையின் ஓட்டையில் ஒரு சாவி வளையத்தைப் போட்டு, அதைப் பட்டனில் மாட்டிவிட்டுப் பட்டனைப் போடுங்கள். கீழ்ப்பகுதியில் ஒரு பல் போயிருந்தால், அந்த இடத்துக்குச் சற்று மேலே தடித்த நூலால் பத்துத் தையல் ஒரே இடத்தில் போட்டு அதையே புது அடித்தடையாக்கலாம், ஜிப் கொஞ்சம் குட்டையாகும், அவ்வளவுதான். முழு ஜிப்பையும் மாற்றுவதைத் தையல்காரரிடம் கொடுத்துவிடுங்கள். முதல் ஆறு மாதத்துக்கு அது நமக்கு வேண்டாத வம்பு.

எலாஸ்டிக் தொய்ந்துபோனால் அது ஓடுகிற பட்டியின் உட்புறம் இரண்டு விரல் அகலம் தையலைப் பிரித்து, பழைய எலாஸ்டிக்கை வெட்டி, அதன் ஒரு முனையோடு புதியதை ஊக்கால் சேர்த்து, மறுமுனையை இழுங்கள். பழையது வெளியே வர வரப் புதியது உள்ளே போய்விடும். புதியதின் வால்முனையை வெளியே ஒரு ஊக்கால் துணியோடு குத்தி வைக்க மறக்காதீர்கள், அதுவும் சேர்ந்து உள்ளே போய்விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இரண்டு முனையையும் தைக்கும் முன் ஊக்கு போட்டு உடுத்து, உட்கார்ந்து, எழுந்து பாருங்கள். சரி என்றால் 2 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற்றித் தைத்து, பட்டியை மூடுங்கள். பட்டியோடு சேர்த்தே எலாஸ்டிக்கைத் தைத்திருந்தால் இந்த வழி ஆகாது.

கால் மடிப்பு அவிழ்ந்தால் பழைய மடிப்புக் கோட்டிலேயே இஸ்திரி போட்டு, மடிப்புத்தையல். வெளித்துணியில் ஓரிரு இழைக்கு மேல் எடுக்காதீர்கள், நூலை இறுக்காதீர்கள், வெளியே குழி குழியாகத் தெரியும்.

துவைப்பதிலும் கொஞ்சம்

பாதிக் கிழிசல் உடம்பில் நடப்பதில்லை, துவைக்கும்போது நடக்கிறது. ஜிப்பையும் கொக்கியையும் மூடிவிடுங்கள், அவற்றின் பல் மற்ற துணியைக் கடிக்கும். பட்டனை மட்டும் கழற்றி விடுங்கள், போட்டபடி துவைத்தால் இழுபட்டு காஜா தளரும். ஜீன்ஸை உள்பக்கம் திருப்பிப் போடுங்கள். விரிந்து சுருங்கும் துணிகளில் கலந்திருக்கும் இழைக்குச் சூடு ஆகாது, குளோரின் பிளீச்சும் ஆகாது. கம்பளிக்கும் பட்டுக்கும் அந்த பிளீச் விஷம், இழையையே கரைத்துவிடும். ஸ்வெட்டரைக் கொடியில் தொங்கவிட்டால் தண்ணீர்க் கனத்தில் நீண்டு போகும், தட்டையாக விரித்துக் காய வையுங்கள்.

எதை விட்டுவிடலாம்? கிழிசலிலிருந்து நாலு விரல் தள்ளி, நல்லதாகத் தெரிகிற இடத்தில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து மெதுவாக விரித்துப் பாருங்கள். நர்ரென்று விட்டால் துணி இற்றுப்போய்விட்டது, ஊசி பிடிக்க அதில் இடமே இல்லை. பட்டன், ஜிப், கொக்கி எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, இற்றுப்போகாத பகுதியை (சட்டை என்றால் பெரும்பாலும் கீழ்ப்பகுதியும் பாக்கெட்டுக்கு அடியில் மறைந்திருந்த துண்டும்) ஒட்டுத்துணிக்கு வெட்டி வையுங்கள். பல முறை துவைத்த துணி என்பதால் ஒட்டுப்போட அதைவிட நல்லது கிடைக்காது.

தைத்ததை ஒரு வாரம் உடுத்தி, ஒரு தடவை துவைத்த பிறகு, மறுபடி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒட்டுத்துணியின் விளிம்பை ஒட்டி மேல்துணியில் சின்னச் சின்ன இடைவெளி விழுந்து, ஊசித்துளைகள் நீண்டு தெரிந்தால், ஒட்டு சின்னதாகிவிட்டது, விளிம்பு இன்னும் நைந்த இடத்துக்குள்ளேயே நிற்கிறது என்று அர்த்தம். பிரிக்க வேண்டாம். அதைவிடப் பெரிய இன்னொரு மெல்லிய துண்டை அதற்கும் அடியில் வைத்து, ஒரு விரல் தள்ளி, நல்ல துணியில், சுற்றிலும் இரண்டு வரிசை ஓட்டுத்தையல் போடுங்கள்.